எந்த மைக்ரோகண்ட்ரோலர் என்று கேட்பதற்கு முன்

பஹாட்காவில் இருக்கும் அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி எனக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். நிக்கோபார் பக்கத்துத் தீவுகளில் ஓடும் டீசல் ஜெனரேட்டர்களைக் கண்காணித்து, எண்ணெய் அழுத்தம், வெப்பம், வோல்டேஜ், பேரிங் அதிர்வு எல்லாவற்றையும் போர்ட் பிளேருக்கு அனுப்பும் ஒரு பெட்டி செய்ய ஆசைப்படுகிறார். (2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது.) பட்டியலில் மூன்று மைக்ரோகண்ட்ரோலர்கள். எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32எச்743, 480 மெகாஹெர்ட்ஸ். என்எக்ஸ்பியின் ஆர்டி1170, 1000 மெகாஹெர்ட்ஸ். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஃப்28379டி, 200 மெகாஹெர்ட்ஸ், இரண்டு கோர். கீழே ஒரே வரி: "அண்ணா, ஆயிரம் இருக்கிறதையே வாங்கிடலாமா?"

பதிலை அவருக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் தீவில் எலக்ட்ரானிக்ஸ் செய்ய வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்த மெகாஹெர்ட்ஸ் பத்தியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதனால் இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

தம்பி, உயர்திறன் என்ற சொல்லை முதலில் பிரித்துப் பார்ப்போம். அதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடவேண்டாம். நம்மைச் சுற்றியே இரண்டு இருக்கின்றன. ஒன்று கடலுக்கு அடியில், இன்னொன்று அட்டம்பஹாட் மேட்டில்.

கடலுக்கு அடியில் இருப்பது சுனாமி மிதவையின் கீழ்ப்பாதி. 2004 டிசம்பர் 26 இந்தத் தீவுகளுக்கு என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கடலில் மிதவைகளை நிறுத்திப் பராமரிக்கும் வேலை சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துடையது. அமைப்பு இப்படி: கடலடியில் ஓர் அழுத்தமானி உட்கார்ந்திருக்கும். தனக்கு மேலே நிற்கும் பல கிலோமீட்டர் நீரின் எடையை அளந்துகொண்டே இருக்கும். நீர்மட்டம் சில சென்டிமீட்டர் மாறினாலும் அதற்குத் தெரியும். அளவை ஒலி அலையாக மேலே மிதவைக்கு அனுப்பும். மிதவை செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பும்.

இந்த வகைக் கருவியின் உள்ளே என்ன சிப் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்காவின் நோவா நிறுவனம் தன்னுடைய இரண்டாம் தலைமுறை டார்ட் மிதவையின் வடிவமைப்பை 2005-லேயே வெளியிட்டுவிட்டது. அதில் இருந்தது மோட்டோரோலா 68332. 32-பிட் சிப், 3.3 வோல்ட், சி மொழியில் எழுதிய புரோகிராம். அந்த ஆண்டிலேயே அது பழைய சிப்தான். உங்கள் பட்டியலில் கடைசியாக இருப்பதுகூட அதைவிடப் பல மடங்கு வேகம்.

ஏன் அது போதும்? கணக்கைப் பாருங்கள். 15 விநாடிக்கு ஒருமுறை ஓர் அழுத்த அளவு வரும். கடந்த மூன்று மணி நேரத்தின் அளவுகளிலிருந்து நான்கு சராசரிகளை எடுத்து, நான்கு மாறிலிகளால் பெருக்கிக் கூட்டினால் "இப்போது ஓதம் இவ்வளவு இருக்கவேண்டும்" என்ற எதிர்பார்ப்பு கிடைத்துவிடும். உண்மையான அளவு அதிலிருந்து ஒரு வரம்புக்கு மேல் விலகினால் (வட பசிபிக்கில் அந்த வரம்பு 30 மில்லிமீட்டர்) மிதவை அவசர நிலைக்கு மாறி, இடைவிடாமல் தகவல் அனுப்பத் தொடங்கும். 15 விநாடிக்கு நான்கு பெருக்கல், சில கூட்டல். நாடுகளின் கடற்கரைகளைக் காக்கிற கணக்கு அவ்வளவுதான். அதை அவ்வளவு எளிமையாக்கியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அந்தக் கருவிக்குக் கடினமான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. கடலடிக் கணினிக்கும் அழுத்தமானிக்கும் சேர்த்துக் கொடுத்த பேட்டரி 1,560 வாட்-மணி. சாதாரண அல்கலைன் டி-செல்களை அடுக்கிச் செய்தது. அது நான்கு ஆண்டுகள் ஓடவேண்டும். நான்கு ஆண்டு என்பது சுமார் 35,000 மணி நேரம். வகுத்தால் சராசரியாக 45 மில்லிவாட் கூட வராது. அங்கே எச்743-ஐ முழு வேகத்தில் தூங்கவிடாமல் ஓட்டினால் சிப் மட்டுமே சுமார் 100 மில்லிஆம்பியர், 330 மில்லிவாட் குடிக்கும். ஏழு மாதம் முடிவதற்குள் பேட்டரி காலி. ஆகவே அங்கே உயர்திறன் என்பது எவ்வளவு ஆழமாகத் தூங்கும், எவ்வளவு சீக்கிரம் எழுந்து வேலையை முடித்துவிட்டு மறுபடி தூங்கும் என்பதுதான். இன்னொன்றும் உண்டு. அழுத்தமானிக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகொண்டிருக்கும். அழுத்தம் மாறினால் அதிர்வெண் மாறும். அந்த மாற்றத்தைத் துல்லியமாக எண்ண நல்ல டைமரும் நிலையான கடிகாரப் படிகமும் வேண்டும். கோர் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா கடலில் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது நினைவிருக்கும். இங்கே எல்லாரும் மேட்டுக்கு ஓடினோம். தட்டுகள் பக்கவாட்டில் நழுவிய நிலநடுக்கம் என்பதால் எழுந்தது சிறிய சுனாமிதான். கடலடியிலிருந்து வந்த அந்தச் சில சென்டிமீட்டர் எண்கள்தான் ஆபத்து இல்லை என்று சொல்ல உதவின. அப்படிப்பட்ட நாளில், அதுவரை மாதக்கணக்கில் யாரும் தொடாத ஒரு சிப் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது அட்டம்பஹாட்டுக்கு வருவோம். நெய்வேலி என்எல்சி நிறுவனம் அட்டம்பஹாட்டிலும் டாலிகஞ்சிலும் சேர்த்து அமைத்த 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். அதோடு 8 மெகாவாட்-மணி பேட்டரியும் உண்டு. பேட்டரி ஏன்? நம் மின்வலை இந்தியாவின் பெரிய மின்வலையோடு சேராதது. டீசல் ஜெனரேட்டர்கள்தான் முதுகெலும்பு. தமிழ்நாட்டில் ஒரு மேகம் ஒரு சூரியப் பண்ணையை மூடினால் மின்வலைக்கு உறைக்காது. இங்கே பல மெகாவாட் ஒரே நிமிடத்தில் விழும். டீசல் எஞ்சின் அதற்கு ஈடுகொடுத்து எழுவதற்குள் 50 ஹெர்ட்ஸ் சரியத் தொடங்கும். அந்த இடைவெளியை பேட்டரி நிரப்பவேண்டும். நிரப்புவது இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரை ஓட்டுவது ஒரு மைக்ரோகண்ட்ரோலர்.

அங்கே எந்த நிறுவனத்தின் சிப் இருந்தாலும் வேலை ஒன்றே. ஸ்விட்சுகள் விநாடிக்கு 10,000 முறை திறந்து மூடுகின்றன என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 100 மைக்ரோ விநாடி. அதற்குள் மூன்று ஃபேஸ் கரண்டையும் வோல்டேஜையும் அளந்து, மின்வலையின் கோணம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து, அடுத்த சுற்றுக்கு ஸ்விட்சுகள் எத்தனை நேரம் திறந்திருக்கவேண்டும் என்று கணக்கிட்டு முடிக்கவேண்டும். 200 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அந்த நேரத்தில் 20,000 கடிகாரத் துடிப்புகள் கிடைக்கும். தாராளம். 480 மெகாஹெர்ட்ஸ் என்றால் 48,000. அதுவும் தாராளம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும், விதிவிலக்கே இல்லாமல், நேரத்துக்குள் முடியவேண்டும். 99.9 சதவீதம் என்று சொன்னால் விநாடிக்குப் பத்துமுறை தவறுகிறது என்று பொருள்.

உங்கள் பட்டியலின் மூன்றாவது சிப், எஃப்28379டி, இந்த வேலைக்கென்றே பிறந்தது. பல்ஸ் அகலத்தை நூற்றைம்பது பிகோ விநாடி அளவுக்கு நகர்த்தும் பிடபிள்யூஎம், கோரைத் தொந்தரவு செய்யாமல் தனியாகக் கணக்குப் போடும் துணைப்பகுதி எல்லாம் அதில் உண்டு. இதைவிட முக்கியம் அதன் டிரிப் வசதி. ஐஜிபிடி ஸ்விட்சில் ஷார்ட் ஆனால் சுமார் 10 மைக்ரோ விநாடிதான் அது தாங்கும். நாம் எழுதிய புரோகிராம் அதைக் கவனித்து, முடிவெடுத்து, அணைக்கும் வரை காத்திருக்க முடியாது. கம்பாரேட்டர் நேரடியாக பிடபிள்யூஎம்மை நிறுத்திவிடும். கோர் பிறகு தெரிந்துகொள்ளும்.

ஆக, ஒரே தீவுக்கூட்டத்தில் இரண்டு கருவிகள். ஒன்றுக்கு உயர்திறன் என்றால் தூக்கம், இன்னொன்றுக்கு மைக்ரோ விநாடி ஒழுங்கு. உங்கள் பெட்டிக்கு எது?

அதற்கு விடையை எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு பவர் ஹவுஸில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் அண்ணன். ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே. ஒரு கண்காணிப்புப் பெட்டியை மாட்டிவிட்டு அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி தம்பி, இது நின்னுபோச்சுன்னா நான் என்ன செய்யணும்?" என்றார்.

"ஸ்விட்சை அணைச்சுட்டுப் போடுங்கண்ணே, சரியாயிரும்."

"அணைச்சுப் போட்டா சரியாயிரும்னா, அதை அதுவே செஞ்சுக்கலாமில்ல?"

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொன்னதில்லை. தம்பி, உங்கள் பெட்டி கேம்ப்பெல் பேயில் நின்றுபோனால் போர்ட் பிளேரிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். கப்பல், இல்லையென்றால் ஹெலிகாப்டர். இரண்டிலும் இடம் கிடைக்கவேண்டும், வானிலை விடவேண்டும். கார் நிக்கோபார், கமோர்ட்டா போன்ற பழங்குடிப் பகுதி என்றால் 1956-ஆம் ஆண்டு பழங்குடிப் பாதுகாப்பு விதிப்படி பாஸ் வாங்காமல் கால் வைக்க முடியாது. வைக்கவும் கூடாது, அந்த விதி இருப்பது மிக நியாயமான காரணத்துக்காக. ஆக, ரீசெட் பட்டனை அழுத்த ஓர் ஆளை அனுப்புவது என்பது இங்கே சில நாள் வேலை. கீழே நான் சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து வருகிறது.

முதலில் வாட்ச்டாக், அதாவது புரோகிராம் நின்றுபோனால் சிப்பைத் தானே ரீசெட் செய்யும் டைமர். எல்லா சிப்பிலும் இருக்கிறது, ஆனால் அது எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். எச்743-இல் ஒரு வாட்ச்டாக் தனக்கென்று ஓர் உள் ஆசிலேட்டரில் ஓடும். வெளிப் படிகம் செத்தாலும் அது சாகாது. அதைத்தான் பயன்படுத்தவேண்டும். டைமர் இன்டரப்டுக்குள் வாட்ச்டாக்கைப் புதுப்பிக்கும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். முதன்மைச் சுழற்சி எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கும், இன்டரப்ட் மட்டும் உயிரோடு இருந்து "எல்லாம் நலம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பணியும் தன் வேலையை முடித்ததற்கு ஒரு கொடி ஏற்றவேண்டும். எல்லாக் கொடியும் ஏறியிருந்தால்தான் புதுப்பிப்பு. இதற்கு வெளியே தனியாக ஒரு வாட்ச்டாக் சிப்பும் போடுவேன். அதன் விலை சில பத்து ரூபாய். கேம்ப்பெல் பே டிக்கெட் அதைவிட அதிகம்.

அடுத்தது கரண்ட் போகும் கணம். ஜெனரேட்டர் மாற்றும்போது வோல்டேஜ் ஒரேயடியாகப் போகாது. தளும்பித் தளும்பிப் போகும். அந்த நேரத்தில் உங்கள் சிப் தன் ஃபிளாஷில் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால்? எச்743-இல் ஃபிளாஷ் 256 பிட் துண்டுகளாக எழுதப்படும், ஒவ்வொரு துண்டுக்கும் பிழைதிருத்தக் குறியீடு கூடவே போகும். பாதி எழுதிய நிலையில் கரண்ட் போனால், அடுத்தமுறை அந்தத் துண்டைப் படிக்கும்போது திருத்தமுடியாத பிழை என்று பஸ் ஃபால்ட் வரும். புரோகிராம் தொடங்கும்போதே அந்தத் துண்டைத்தான் படிக்கிறது என்றால் ஃபால்ட், ரீசெட், ஃபால்ட், ரீசெட் என்று விடிய விடிய அதே சுழற்சி. வாட்ச்டாக் இருந்தும் பயனில்லை. இதற்கு வழி உண்டு: அடிக்கடி மாறும் தகவலை எஃப்ரேம் என்ற தனி நினைவகத்தில் எழுதுங்கள். உள் ஃபிளாஷ் பத்தாயிரம் முறை அழித்தெழுதத்தான் உறுதி தருகிறது, எஃப்ரேமுக்கு அந்தக் கவலையே இல்லை. ஃபிளாஷில் எழுதியே ஆகவேண்டும் என்றால், வோல்டேஜ் சரியத் தொடங்கும்போதே எச்சரிக்கும் வசதி சிப்பில் இருக்கிறது, அதை இயக்கிவைத்து, எழுதுவதைத் தடுத்துவிடுங்கள். பஸ் ஃபால்ட்டைப் பிடித்து அந்தத் துண்டை ஒதுக்கித் தள்ளும் நிரலையும் முதல் நாளே எழுதுங்கள்.

பிழைதிருத்தக் குறியீடு தொல்லை என்று இதைப் படித்து நினைத்துவிடாதீர்கள். பழைய எஃப்407 போன்ற சிப்களில் அது கிடையாது. அங்கே ஒரு பிட் புரண்டால் சத்தமே இல்லாமல் தப்பான எண் வரும். இங்கே ஒரு பிட் புரண்டால் திருத்திக்கொள்ளும், இரண்டு புரண்டால் நின்று கத்தும். ஒரு ஜெனரேட்டரின் எண்ணெய் அழுத்தம் பற்றி எனக்குத் தப்பான எண் வருவதைவிட எண்ணே வராமல் இருப்பது மேல்.

வெப்பத்தைப் பார்ப்போம். நம் ஊர் வெயில் 32 டிகிரிதானே என்று தோன்றும். எஞ்சின் அறைக்குள், மூடிய பெட்டியில், 65, 70 டிகிரி சாதாரணம். சிப் அரை வாட் குடிக்கிறது என்றும், எல்க்யூஎஃப்பி பேக்கேஜின் வெப்பத்தடை வாட்டுக்கு சுமார் 45 டிகிரி என்றும் வைத்தால், உள்ளே இன்னும் 22 டிகிரி ஏறும். 92 வந்துவிட்டது. எச்743-ஐ 480 மெகாஹெர்ட்ஸில் ஓட்டவேண்டுமானால் சந்தி வெப்பம் 105-ஐத் தாண்டக்கூடாது என்று டேட்டாஷீட் சொல்கிறது. விளம்பரத்தின் முதல் வரியில் வேகம் இருக்கும். இந்த நிபந்தனை உள்ளே ஓர் அட்டவணையில் இருக்கும். என் யோசனை: 480-க்கு வாங்குங்கள், 200-இல் ஓட்டுங்கள். உங்கள் வேலைக்கு அது நிறையவே போதும். சிப் குளிர்ந்து ஓடும்.

நிறையவே போதும் என்று எப்படிச் சொல்கிறேன்? ஆறு அளவுகள் (மூன்று வோல்டேஜ், மூன்று கரண்ட்), ஒரு மின்சுழற்சிக்கு 128 மாதிரி, விநாடிக்கு 50 சுழற்சி. மொத்தம் விநாடிக்கு 38,400 எண்கள். ஜெனரேட்டரின் சொந்தக் கண்ட்ரோலரோடு மோட்பஸ் பேச்சு 9600 பாடில். ஓர் எழுத்து வர ஒரு மில்லி விநாடிக்கு மேல் ஆகும், சிப் அதற்குள் காத்துக் காத்துச் சலித்துவிடும். பேரிங் அதிர்வைப் பிரித்துப் பார்க்க 1,024 புள்ளி எஃப்எஃப்டி போட்டாலும் கார்டெக்ஸ்-எம்7 கோர் அதை ஒரு மில்லி விநாடிக்குள் முடித்துவிடும்.

எம்7 கோரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் வேகம் கேஷ் நினைவகத்திலிருந்து வருகிறது. கேஷில் இருந்தால் பறக்கும், இல்லாவிட்டால் ஃபிளாஷுக்காக நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரம் எடுக்கவேண்டிய இன்டரப்ட் நிரலை கோரோடு ஒட்டியிருக்கும் டிசிஎம் நினைவகத்தில் வைக்கவேண்டும். எச்743-இல் நிரலுக்கு 64 கிலோபைட், தரவுக்கு 128 கிலோபைட் உண்டு. ஆனால் அந்தத் தரவு டிசிஎம்மைச் சாதாரண டிஎம்ஏ தொடமுடியாது. ஏடிசி மாதிரிகளை அங்கே கொட்டச் சொன்னால் எதுவும் வராது. வேறு ரேமில் கொட்டச் சொன்னால், டிஎம்ஏ புது எண்ணை எழுதியிருக்கும், கோர் கேஷிலிருக்கும் பழைய எண்ணையே படித்துக்கொண்டிருக்கும். மேசையில் ஒழுங்காக ஓடி, தீவில் வாரத்துக்கு ஒருமுறை விசித்திரமான அளவு காட்டும் பெட்டிகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான். அந்த ரேம் பகுதியை எம்பியூ வழியாகக் கேஷ் இல்லாததாக அறிவித்துவிடுங்கள், தீர்ந்தது.

இனி உப்பு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதைவிட வெகு கீழேயே ஈரமாகிவிடும். நம் தீவில் வருடத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் அதற்கு மேல்தான். அதாவது போர்டின் மேல் படிந்த உப்புத்தூள் இங்கே உலரவே உலராது. எப்போதும் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாக இருக்கும். எல்க்யூஎஃப்பி பேக்கேஜின் கால்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. 3.3 வோல்ட் இருந்தால் போதும், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உலோகம் வேர்விட்டு வளரும். அதற்கும் முன்பே பாதிக்கப்படுவது 32.768 கிலோஹெர்ட்ஸ் கடிகாரப் படிகம்: மிகச் சிறிய கரண்டில் ஓடுவது, ஈரக்கசிவு அதை நிறுத்திவிடும். வெளிப் படிகம் நின்றால் உள் ஆசிலேட்டருக்குத் தானே மாறிக்கொள்ளும் வசதி சிப்பில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டியது அதனால்தான். எச்743-இல் முதன்மைக் கடிகாரத்துக்கு இருக்கிறது.

இங்கேதான் ஆர்டி1170 என் பட்டியலிலிருந்து விழுகிறது. அற்புதமான சிப், சந்தேகமில்லை. ஒரு கிகாஹெர்ட்ஸ் எம்7, கூடவே 400 மெகாஹெர்ட்ஸ் எம்4. ஆனால் அதற்குள் ஃபிளாஷ் இல்லை. புரோகிராம் வெளியே இன்னொரு சிப்பில் இருக்கும், வேகமான சிக்னல்கள் அந்த இரண்டுக்கும் நடுவே போர்டின் மேல் ஓடும். உப்புப் படலம் போகக்கூடிய இடத்தில் என் புரோகிராமின் ஒவ்வொரு வரியும் பயணம் செய்வதை நான் விரும்பவில்லை. அது பிஜிஏ பேக்கேஜில் மட்டுமே வருகிறது, 289 பந்துகள் சிப்புக்கு அடியில். அதைக் கழற்றி மாட்ட நல்ல ரீவொர்க் ஸ்டேஷன் வேண்டும், ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டும். சென்னையில் இருக்கிறது. இங்கே நம் கையில் இருப்பது சால்டரிங் அயர்ன், ஹாட் ஏர், ஒரு பூதக்கண்ணாடி. எல்க்யூஎஃப்பி சிப்பை அவற்றை வைத்தே மாற்றிவிடலாம். மருத்துவமனைக் கருவிக்கோ, சென்னைத் தொழிற்சாலையின் கேமரா பரிசோதனைக்கோ என்றால் நானே ஆர்டி1170-ஐச் சொல்வேன்.

போர்டை நன்றாகக் கழுவி, ஃபிளக்ஸ் மிச்சத்தை நீக்கி, பிறகு கோட்டிங் கொடுங்கள். கழுவாமல் கோட்டிங் அடித்தால் உப்பையும் ஃபிளக்ஸையும் உள்ளே வைத்துப் பூட்டியதுபோல. நான் அக்ரிலிக் கோட்டிங்கே விரும்புவேன். பாரிலீன் அதைவிட வலிமையானது, ஆனால் பழுது பார்க்கக் கழற்ற முடியாது. அக்ரிலிக்கை கரைப்பானால் துடைத்து, சால்டர் செய்து, மறுபடி பூசலாம். பெட்டி ஐபி66 என்று நம்பி இருந்துவிடவும் வேண்டாம். எஞ்சின் நின்று பெட்டி குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும், கேபிள் நுழையும் இடத்திலிருந்து ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். நீரை விடாமல் காற்றை மட்டும் விடும் சவ்வு வைத்த வென்ட் ஒன்று போடவேண்டும்.

தொலைவிலிருந்து புரோகிராம் மாற்றுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்துசேர்ந்த பிறகு நம் வேலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள். கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லிட்டில் அந்தமான், ரங்கத் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பில் ஒரு ஃபர்ம்வேர் கோப்பு முழுசாகப் போய்ச்சேர்வதே பெரும்பாடு. இப்போது போகிறது. ஆனால் பாதியில் அறுந்தால்? எச்743-இன் 2 மெகாபைட் ஃபிளாஷ் இரண்டு சம வங்கிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒன்றிலிருந்து ஓடிக்கொண்டே இன்னொன்றில் புதியதை எழுதலாம். முழுசாக வந்ததா, கையொப்பம் சரியா என்று பார்த்துவிட்டு மாற்றலாம். புதியது சரியாக எழவில்லை என்றால் வாட்ச்டாக் அடித்துப் பழையதற்கே திரும்பும்படி பூட்லோடரை எழுதிவிடலாம்.

ஆக தம்பி, என் பதில் எச்743, எல்க்யூஎஃப்பி பேக்கேஜில். உங்கள் பட்டியலில் 480 என்று எழுதியிருந்ததால் இல்லை. பிழைதிருத்தம், இரண்டு வங்கி ஃபிளாஷ், தனிக் கடிகார வாட்ச்டாக், கையால் மாற்றக்கூடிய கால்கள், இவற்றுக்காக. நாளைக்கு இன்வெர்ட்டர் செய்ய வந்தால் எஃப்28379டி. மிதவை செய்ய வந்தால் இந்த மூன்றுமே வேண்டாம், குறைந்த மின்சாரத்துக்கென்றே செய்த சின்ன சிப் ஒன்றைப் பார்ப்போம்.

வாங்குவதைப் பற்றி இரண்டு சொல். 2021, 2022-இல் சிப் பஞ்சம் வந்தபோது எஸ்டிஎம்32-க்கு ஒரு வருடம் காத்திருங்கள் என்றார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தவற்றில் மேலே அச்சு மாற்றியவையும் இருந்தன. அப்போது பலர் எஃப்103-க்குப் பதில் ஜிடி32 போட்டார்கள். கால்கள் பொருந்தும். ஆனால் அதில் ஃபிளாஷுக்குக் காத்திருக்கும் நேரம் வேறு, அதனால் சுழற்சி எண்ணி நேரம் பார்க்கும் நிரல்கள் எல்லாம் வேகமாக ஓடிவிடும். தாமதங்களை டைமரால் எழுதியவர்களுக்குப் பிரச்சினை வரவில்லை. அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடமிருந்தே வாங்குங்கள், கப்பலில் வர ஆகும் நாட்களையும் சேர்த்து எண்ணுங்கள். எஸ்டி தன் தொழிற்சாலை வகைச் சிப்களுக்குப் பத்தாண்டு வழங்கல் உறுதி தருகிறது. உங்கள் சிப்புக்கு அது எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். பவர் ஹவுஸ் ஜெனரேட்டர் அதைவிட நீண்ட காலம் ஓடும்.

நம் நாட்டுச் சிப்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐஐடி மெட்ராஸின் சக்தி திட்டத்தில் பிறந்த சிப் ஒன்று 2018-இலேயே சண்டிகர் அரசு ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் தயாராகிவிட்டது. சிடாக்கின் தேஜஸ்32, 100 மெகாஹெர்ட்ஸ், 256 கிலோபைட் ரேம். ஏரீஸ் போர்டில் வாங்கிப் பழகலாம், பழகவேண்டும். அதன் ஃபிளாஷ் வெளியே இருப்பதால் மேலே சொன்ன உப்புக் கவலை அதற்கும் உண்டு. சென்னையின் மைண்ட்குரோவ் நிறுவனம் 2024-இல் 700 மெகாஹெர்ட்ஸ் சிப் ஒன்றை அறிமுகப்படுத்தியது, சக்தி கோரை வைத்து. இவற்றில் ஒன்று கார் நிக்கோபாரில் ஒரு மழைக்காலத்தைக் கடக்கவேண்டும் என்று எனக்கு மனதார ஆசை. உங்கள் பெட்டியின் முதல் பதிப்பில் அதைப் போடவேண்டாம். ஆனால் சிப்பைத் தொடும் நிரலை ஒரு தனி அடுக்காகப் பிரித்து எழுதுங்கள், ஜெனரேட்டர் கணக்கு அதற்கு மேலே இருக்கட்டும். இரண்டாம் பதிப்பில் சிப்பை மாற்ற அந்த அடுக்கை மட்டும் மாற்றினால் போதும். நம் நாட்டுச் சிப் போர்டு ஒன்றை நான் என் பட்டறையில் ஈரப்பெட்டிக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கிறேன்.

வாங்குவதற்கு முன் எச்743-இன் எர்ராட்டா ஆவணத்தை முழுசாகப் படித்துவிடுங்கள், எந்த ரிவிஷன் சிப் உங்கள் கைக்கு வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கிமேட்டிக் வரைந்ததும் அனுப்புங்கள். பவர் சப்ளையும் ஆர்எஸ்-485 பக்கமும்தான் முதலில் பார்ப்பேன்; இடியும் ஜெனரேட்டரும் அந்த இரண்டு வழியாகத்தான் உள்ளே வரும்.